ஒரு பொருளுக்கு ஒரு தெரு! பாரிமுனை சொல்லித்தரும் பாடம்

நண்பர்களே, முதலில் உங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் புதிதாக ஒரு பேரிங் கடை வைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தெருவில் ஏற்கனவே வரிசையாகப் பேரிங் கடைகள் இருக்கின்றன. இன்னொரு தெருவில் பேருக்குக்கூட ஒன்று கிடையாது. உங்கள் கடையை எங்கே வைப்பீர்கள்?

"இல்லாத தெருவிலதான் வைக்கணும், அங்கதானே போட்டி இருக்காது!" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். கேட்கும்போது நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் சென்னை ஜார்ஜ் டவுனில் வியாபாரம் செய்கிற ஒரு பெரியவரிடம் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள். சிரித்துவிடுவார்.

பாரிமுனையில் இறங்கி உள்ளே நடந்தால் ஒவ்வொரு தெருவும் ஒரு பொருளைச் சொல்லும். ஆண்டர்சன் தெருவில் காகிதம், டைரி, கல்யாணப் பத்திரிகை. கோடவுன் தெருவில் மொத்த ஜவுளி. தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, படச்சட்டம். நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்தும் ரசாயனமும். லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு, அவற்றைச் சுற்றியுள்ள சந்துகளில் டூல்ஸ், பேரிங், போல்ட் நட்டு, பைப் ஃபிட்டிங்ஸ். ஒரே பொருளை விற்பவர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் பட்டினி கிடப்பதாகத் தெரியவில்லை!

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குச் சாமான் வாங்க நாங்கள் நாலு பேர் இந்தத் தெருக்களில் ஒரு நாள் முழுக்க நடந்தோம். நாங்கள் செய்வது கடலை உடைக்கும் இயந்திரம். சாமானும் வாங்கினோம், இந்தத் தெருக்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்வியையும் கையோடு கொண்டுவந்தோம். அதற்குக் கிடைத்த விடையைத்தான் மலருக்கு எழுதுகிறேன்.

இடித்துக் கட்டிய ஊர்

இந்தக் கடைத்தெருவின் கதை கோட்டையில் தொடங்குகிறது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பெற்று, அடுத்த ஆண்டு கோட்டை வேலையை ஆரம்பித்தது. கம்பெனிக்கு வேண்டியது துணி. எனவே கோட்டைக்கு வடக்கே நெசவாளர், சாயக்காரர், வணிகர் எல்லாம் வந்து குடியேறினார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். அது இருந்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நெருங்கிவிடுவான் அல்லவா? அதனால் அந்தப் பழைய ஊரில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரரும், மிச்சத்தை ஆங்கிலேயருமாக இடித்துத் தள்ளி வெட்டவெளி ஆக்கினார்கள். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் இப்போதைய பூக்கடை அருகே சென்னமல்லீஸ்வரர் கோயிலோடு இரட்டைக் கோயிலாக எழும்பியது. இந்த வெட்டவெளிக்கு எல்லை காட்ட 1773-ல் ஆறு கல்தூண்களை நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் பாரிமுனையில், 1940-ல் கட்டிய டேர் ஹவுஸ் கட்டடத்தருகே நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். நின்று பார்ப்பவர் குறைவு. அங்கே கம்பெனி நடத்திய தாமஸ் பாரி 1788-ல் சென்னைக்கு வந்தவர். 'பாரிஸ் கார்னர்' என்ற பெயர் அவரால் வந்தது. பாரிஸ் நகரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

தூண்களுக்கு அந்தப் பக்கம் வளர்ந்த புதிய ஊர்தான் இப்போதைய ஜார்ஜ் டவுன். கடல் ஓரமாக இருந்தது முத்தியால்பேட்டை. உள்நாட்டுப் பக்கம் இருந்தது பெத்தநாயக்கன்பேட்டை. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம், சாக்கடை. போப்ஹாம் என்ற வழக்கறிஞர் 1780-களில் அந்தப் பள்ளத்தைச் சீர்செய்து சாலை போட்டார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை.

அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நிற்கும். மசூலா படகுகளில் சாமானை ஏற்றி அலையோடு போராடிக் கரை சேர்ப்பார்கள். கரையில் இறங்கிய சரக்கை உடனே வைக்கப் பக்கத்திலேயே கிடங்கு வேண்டும். விலை பேச வணிகரும் பக்கத்தில் வேண்டும். அப்படி வந்தவர்களின் பெயர்களைத் தெருக்கள் இன்னும் சுமக்கின்றன. ஆர்மீனிய வணிகர்களால் அரண்மனைக்காரத் தெரு. அதன் ஆங்கிலப் பெயர் இன்றைக்கும் ஆர்மீனியன் தெருதான். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று இங்கிருந்து வைரம் வாங்கிச் சென்ற வணிகத்தின் நினைவாகப் பவளக்காரத் தெரு. கம்பெனியோடு வியாபாரம் செய்த தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி பெயரில் இரண்டு தெருக்கள்.

1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது. 1873-ல் சென்ட்ரல் வந்தது. 1870-களில் தொடங்கிய துறைமுக வேலையை 1881 புயல் பாழாக்க, மறுபடி கட்டி 1896 வாக்கில் முடித்தார்கள். ஒரு பக்கம் கப்பல், இன்னொரு பக்கம் ரயில், நடுவில் இந்தத் தெருக்கள். படம் போட்டுப் பாருங்கள், ஜார்ஜ் டவுன் மொத்தமும் ஒரு பெரிய கல்லாப்பெட்டி மாதிரி தெரியும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த இயந்திரச் சாமான் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே தங்கிவிட்டதில் வியப்பென்ன?

ஆனால் ஒரு பொருளுக்கு ஒரு தெரு என்ற வழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரையைச் சுற்றிப் பார்க்கிற கோவலன் மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் வீதி, தானிய வீதி என்று தனித்தனியாகத்தான் பார்க்கிறான். நம் ஊருக்கு இது பழைய பழக்கம்.

பக்கத்துக் கடைக்காரர் எதிரியா?

சரி, துறைமுகம் ஒரு காரணம். அது ஏன் ஜார்ஜ் டவுனில் கடைகள் வந்தன என்பதைச் சொல்லும். ஒரே பொருள் ஏன் ஒரே தெருவில் என்பதைச் சொல்லாது. அதற்கு நான் கண்ட காரணங்கள் நான்கு.

முதலாவது, வாங்குபவனின் கால்வலி. பேரிங் கடைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தால் நாலு கடையில் விலை கேட்க நாலு பஸ் ஏற வேண்டும். ஒரே தெருவில் இருந்தால் பத்து நிமிடம் போதும். "அங்க போனா எப்படியும் கிடைச்சிரும்" என்ற நம்பிக்கைதான் வெளியூர்க்காரனை இங்கே இழுத்து வருகிறது. தனியாக ஒதுங்கி நிற்கிற கடைக்கு இந்தக் கூட்டம் வராது.

இரண்டாவது, சரக்கு மாற்று. இதை நேரில் பார்த்தோம். நாங்கள் கேட்ட அளவில் ஒரு ஆயில் சீல் அந்தக் கடையில் இல்லை. "இல்லை" என்று சொல்லவில்லை. "ஒரு நிமிஷம் உக்காருங்க தம்பி" என்றார். பையன் ஒருவன் ஓடினான். இரண்டு நிமிடத்தில் எதிர்க் கடையிலிருந்து சீல் வந்துவிட்டது. நாளைக்கு எதிர்க் கடைக்காரர் இவரிடம் எடுத்துக்கொள்வார். அதாவது ஒவ்வொரு சின்னக் கடைக்கும் தெரு முழுக்கக் குடோன்! எல்லா அளவையும் ஒருவரே வாங்கி அடுக்கினால் முதல் முடங்கிப்போகும். தெருவாகச் சேர்ந்து வைத்தால் யாருக்கும் பாரமில்லை.

மூன்றாவது, பொதுவான வசதிகள். சுமை தூக்குபவர், மீன்பாடி வண்டிக்காரர், வெளியூருக்கு அனுப்பும் பார்சல் ஆபீஸ், கடனுக்குப் பணம் தருபவர், டீக்கடை இவையெல்லாம் ஒரு கடையை நம்பிப் பிழைக்க முடியாது. நூறு கடை இருந்தால் பிழைக்கலாம். அவர்கள் இருப்பதால் நூற்றியோராவது கடை வைப்பதும் சுலபமாகிறது.

நான்காவது, சேதி. எந்தச் சரக்கு வந்திருக்கிறது, எது போலி, எந்த ஊர்ப் பார்ட்டி பணம் தராமல் இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் டீ குடிக்கும் நேரத்துக்குள் தெருவின் அந்தக் கோடிவரை போய்விடும். ஏமாற்றுகிறவர் இங்கே ரொம்ப நாள் நிற்க முடியாது. தூண்டுகோலே அதுதான்: வாடிக்கையாளர் பத்தடி நடந்தால் அடுத்த கடை.

பொருளாதார அறிஞர்கள் இதை அப்போதே யோசித்திருக்கிறார்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் வெளியிட்ட நூலில், ஒரே தொழில் செய்பவர்கள் ஓரிடத்தில் கூடுவதால் வருகிற நன்மைகளை விளக்கியிருக்கிறார். தேர்ந்த ஆட்கள் கிடைப்பது, துணைத் தொழில்கள் வளர்வது, தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது என்று மூன்று. 1929-ல் ஹரால்டு ஹோட்டலிங் என்பவர் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். அதை நம்ம மெரினாவுக்குக் கொண்டுவருவோம். நீளமான கடற்கரையில் இரண்டு பேர் ஒரே சுண்டலை ஒரே விலைக்கு விற்கிறார்கள். ஒருவர் வடகோடி, ஒருவர் தென்கோடி. வடக்கே இருப்பவர் கொஞ்சம் நடுவே நகர்ந்தால் மற்றவருடைய வாடிக்கையில் கொஞ்சம் இவருக்கு வரும். உடனே அவரும் நகர்வார். கடைசியில் இரண்டு பேரும் நடுவில் முதுகோடு முதுகு நிற்பார்கள்!

கவுன்ட்டரில் நடந்த வகுப்பு

இனி நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயம். இந்தத் தெருவில் சாமான் மட்டும் விற்கவில்லை, படிப்பும் கிடைக்கிறது. காசு கேட்காமல்!

பேரிங் கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். "ஷாஃப்ட் எவ்ளோ?" என்றார்.

"இருபது எம்.எம். அண்ணே."

"அப்ப 6204. இல்லைன்னா 6304. ரெண்டுக்கும் உள்ள ஓட்டை இருபதுதான். வெளி அளவு ஒண்ணு 47, ஒண்ணு 52. ஹவுசிங் போர் பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க. எங்க ஒர்க்‌ஷாப் லேத்துலதான் பண்ணணும்."

"நல்லதாப் போச்சு. பேரிங்கை எடுத்துட்டுப் போய், அளந்து பார்த்து, அப்புறம் போர் பண்ணு."

அந்த எண்ணின் சூட்சுமத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் 6 என்பது டீப் குரூவ் பால் பேரிங். அடுத்த எண் எவ்வளவு கனமான வரிசை என்பது. 2 லேசானது, 3 அதைவிடக் கனமானது. கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 04 என்றால் 20, 05 என்றால் 25. இந்தக் கணக்கு 04-லிருந்துதான் பொருந்தும். அதற்குக் கீழே 00, 01, 02, 03 என்பவை முறையே 10, 12, 15, 17 மில்லிமீட்டர். புத்தகத்தில் இது ஒரு அட்டவணையாகக் கிடக்கிறது. பேரிங்கைக் கையில் வைத்துக் கேட்டபோது ஒரே தடவையில் மனசில் உட்கார்ந்துவிட்டது.

"என்ன மெஷினு?" என்று கேட்டார். கடலை உடைப்பது என்றோம். "தூசி பறக்குமே! தகடு மூடினது வேணாம், ரப்பர் சீல் வச்சது எடுத்துக்கோ" என்றார். இதை எந்த வெப்சைட் நம்மைப் பார்த்துக் கேட்கும்?

அடுத்து பெல்ட் கடை. எங்கள் மோட்டார் ஒரு குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, இயந்திரத்தில் 12 அங்குலப் புல்லி. ஆக, 1440-ஐ 3-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 360 சுற்று. ஏ பெல்ட்டா, பி பெல்ட்டா என்று எங்களுக்குள் ஊரிலிருந்தே ஒரே விவாதம். ஏ பெல்ட்டின் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், பி பெல்ட் 17. கடைக்காரர் ஒரு பி பெல்ட்டை எடுத்து மூன்று அங்குலப் புல்லியில் வளைத்துக் காட்டினார். அது விறைத்துக்கொண்டு நின்றது. "பார்த்தியா, இவ்ளோ சின்னப் புல்லியில இதைப் போட்டா சீக்கிரம் வெடிச்சிரும். ஒரு ஹெச்.பி.க்கு ஏ போதும்." விவாதம் அரை நிமிடத்தில் முடிந்தது.

நீளத்துக்கு நாங்கள் ஃபார்முலா போட்டு வைத்திருந்தோம். புல்லி மையங்களுக்கு நடுவே 18 அங்குலம் வைத்தால் சுமார் 60.7 அங்குலம் வந்தது. "மோட்டார் அடியில ஸ்லாட் இருக்குல்ல? ஏ-60 போடு. பெல்ட் ஓட ஓடத் தளரும், மோட்டாரை இழுத்து டைட் பண்ணிக்கலாம்" என்றார். கணக்கு துல்லியமான எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கடையில் என்ன அளவு கிடைக்கும், தளர்ச்சிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அனுபவம். இரண்டும் சேர்ந்தால்தானே டிசைன்?

சந்தை எப்போது சாகும்?

சந்தைகளும் இடம் பெயர்கின்றன, அழிகின்றன. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் பழைய புத்தகத்துக்குப் பேர்போனது. 1985 மே மாதம் தீயில் போய்விட்டது. கடைக்காரர்கள் சிதறினார்கள். சிலருக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கிடைத்தது. ஆனாலும் பழைய மூர் மார்க்கெட்டை நினைத்துப் பெரியவர்கள் இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள்.

கொத்தவால் சாவடி வேறு கதை. நெரிசல் தாங்காமல் அந்தக் காய்கறிச் சந்தையை 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். வியாபாரிகள் கூட்டமாகப் போனதால் கோயம்பேடு பெரிய சந்தையாக நிலைத்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969-ல் கடற்கரை ஓரம் அமைந்த பர்மா பஜாரும் அப்படித்தான். வெறுங்கையோடு வந்தவர்கள் வரிசையாக ஒன்றாக உட்கார்ந்ததால் அது ஊரறிந்த பஜார் ஆயிற்று. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. கட்டடம் போனால் மீண்டுவிடலாம். கூட்டம் கலைந்தால்தான் கஷ்டம்.

இப்போது அந்தக் கூட்டத்தை மெல்லக் கலைப்பது எது? போனில் ஆர்டர் போட்டால் பேரிங் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன்; பார்ட் எண் தெரிந்தவனுக்கு அது பெரிய வசதி. எண் தெரியாதவன் என்ன செய்வான்? இன்னும் ஒன்று, ரெடிமேட் ப்ராஜெக்ட். பணத்தைக் கட்டினால் இயந்திரம், ரிப்போர்ட் எல்லாம் தயாராகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம்மில் சிலர் அதை வாங்கி வைவாவில் விழிப்பதையும் பார்க்கிறோம். லிங்கிச் செட்டித் தெரு நம் நாலு பேரின் வியாபாரத்தை நம்பி இல்லை. நாம் போகாததால் நட்டம் நமக்குத்தான். நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் ஆலையில் நடுராத்திரி ஒரு பேரிங் போனால், பழையதை எடுத்துப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டியவர் டிப்ளமா படித்த நாம்தான்.

போகப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

1. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம் உயர் நீதிமன்றம், அதற்கடுத்தது மண்ணடி. 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. வண்டி எடுத்துப் போய் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும்.

2. கையில் அளவுகளோடு ஒரு படம், ஒரு வெர்னியர், பழைய பாகம் இருந்தால் அதுவும் கொண்டுபோங்கள். "இந்த மாதிரி ஒண்ணு" என்று கையால் காட்டினால் வேலைக்காகாது.

3. காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போனால் நின்று பேசுவார்கள். லோடு ஏற்றும் நேரத்தில் சந்தேகம் கேட்காதீர்கள். பாவம், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது.

4. மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். ரொம்பக் குறைத்துச் சொன்னால் ஒரிஜினல்தானா என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், மாற்ற வேண்டி வந்தாலும், ரிப்போர்ட்டில் செலவுக் கணக்கு எழுதவும் உதவும்.

5. பசித்தால் பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ கிடைக்கும். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டையோடு சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு எனக்கு நன்றி சொல்வீர்கள்!

ஜூனியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு ப்ராஜெக்ட் குழு பிரிந்ததும், தலைப்பு முடிவாகும் முன்பே ஒரு தடவை இந்தத் தெருக்களில் நடந்துவிட்டு வாருங்கள். என்னென்ன பாகம், எந்தெந்த அளவில், என்ன விலையில் கிடைக்கிறது என்று தெரிந்தபின் படம் வரைந்தால் அந்தப் படம் இயந்திரமாக மாறும். ஆசிரியர்கள் மனது வைத்து, தொழிற்சாலைப் பயணத்தோடு ஒரு கடைத்தெருப் பயணத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது. நாங்கள் வாங்கிய சாமான்களின் பட்டியலையும் விலையையும் மெக்கானிக்கல் துறை நூலகத்தில் வைத்திருக்கிறோம். எடுத்துப் பாருங்கள், நீங்கள் போய்வந்த பிறகு உங்கள் பட்டியலையும் அதோடு சேர்த்து வையுங்கள்.